டிஷ் திருப்பிய மகாராஜாவுக்கு

இன்று காலை பழைய இரும்புக்காரர் மொட்டை மாடியிலிருந்து உங்கள் டிஷ்ஷைக் கழற்றி இறக்கினார். பிடித்துக் கொடுத்த என் கையெல்லாம் துரு. சோப்பு போட்டும் வாடை போகவில்லை, உங்கள் வீம்பு போல.

பெருங்காற்று அடித்தால் அது திரும்பிவிடும். ஆளைக் கூப்பிடலாம் என்றால் கேட்கமாட்டீர்கள். தாம்பரத்திலேயே வானத்துத் திசை உங்களுக்குத்தான் தெரியும் என்ற நினைப்பு. நீங்கள் மேலே திருப்ப, நான் கீழே டிவி முன்னால் நின்று கத்த வேண்டும்.

"வந்துச்சா?"

"வரல."

படம் வந்துவிட்டால் தெரு முழுக்க உங்கள் கைராசிப் பேச்சுதான். தொண்டை கட்டிய பொண்டாட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இராது. கேட்டால், "பாத்து சொல்றதெல்லாம் ஒரு வேலையா? அதுக்கு அஞ்சாங்கிளாஸ் போதும்" என்பீர்கள்.

பேத்தியின் வேலையிலும் அதே இளக்காரம். செயற்கைக்கோளில் உள்ள மைக்ரோவேவ் கருவி சரியான இடத்தைத்தான் பார்க்கிறதா என்று சோதிக்கிறாள். மேகம் மறைத்தாலும் அதற்கு நிலம் வேறு, கடல் வேறாகத் தெரியுமாம். அது அனுப்பும் படத்தில் விழும் கரையை வரைபடத்துக் கரையோடு ஒப்பிடுவாள். விலகியிருந்தால் கருவி கோணலாகப் பார்க்கிறது. ஏறித் திருப்ப முடியாது, கணக்கில்தான் திருத்துவார்கள். "உங்க பாட்டி டிவி பாத்த கதைதான்" என்று சிரித்தீர்கள். ஆயுசில் நீங்கள் சரியாகச் சொன்னது அது ஒன்றுதான்.

நீங்கள் போன பிறகு ஒருநாள் அவள் சோறு தொடாமல் உட்கார்ந்திருந்தாள். கரை விலகித் தெரிகிறது. மேலதிகாரியோ சரியென்று எழுதச் சொல்கிறார். மறுத்தால் வேலைக்கே ஆபத்து.

உங்களிடம் சொல்லாததை அவளிடம் சொன்னேன். நீங்கள் கடைசியாக மாடி ஏறிய அன்று படம் சரியாகவே வரவில்லை. கட்டம் கட்டமாக உடைந்தது. மூட்டுவலியோடு கைப்பிடிச் சுவரைப் பிடித்து நின்றீர்கள். பாவம் பார்த்து, "வந்துடுச்சு, இறங்குங்க" என்றேன். வந்து பார்த்துவிட்டு, டிவிதான் கெட்டுப்போச்சு என்று தீர்ப்பு வழங்கினீர்கள். புது டிவி வந்தது. அதிலும் உடைந்த படத்தையே பார்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்தீர்கள்.

"வரலன்னா வரலன்னு சொல்லிடுடி. மேல நிக்கிறவருக்குக் கோவம் வந்தா வரட்டும்" என்றேன்.

அப்படியே எழுதிக் கொடுத்தாள். அதிகாரி சில நாள் முகம் கொடுக்கவில்லை. பிறகு வேறு கரைகளையும் ஒப்பிட்டார்கள். எல்லாம் ஒரே பக்கம் விலகியிருந்தன; திருத்தினார்கள்.

டிஷ்ஷோடு கம்பி, கவ்வி எல்லாவற்றையும் இரும்புக்காரரிடம் கொடுத்துவிட்டேன். அந்த ஒரு பொய் மட்டும் என்னிடம் இருக்கிறது. அதற்குக்கூட லாயக்கில்லாத ஆள்தான் நீங்கள். ஆனாலும் நீங்கள் கீழே விழாமல் இறங்கி வந்தீர்களே.