கூரை மேல் காக்கா, பாரூக் மேல் சந்தேகம்

பிலிமத்தலாவை,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் சதீஸுக்கு அப்பா எழுதுவது. நீயும் டிலானியும் பேத்தியும் அந்தக் குளிரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று கதிரேசப் பெருமானிடம் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். இங்கே எனக்குச் சுகம். கால் வீக்கம் என்று உன் தங்கச்சி சுதர்சினி ஏதாவது சொல்லியிருந்தால் அதில் பாதியை மட்டும் நம்பு. அம்மாவுக்குக் காலையில் வைக்கிற சோற்றை ஒரு நாளும் தவறவிடவில்லை, நீ கேட்டபடி உன் பங்கும் சேர்த்துத்தான் வைத்தேன். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். நான் போனை எடுத்தாலே சுதர்சினி குசினி அடுப்படியில் இருந்தபடி காதைத் தீட்டிக்கொள்கிறாள், பிறகு நான் சொல்லாததையும் சேர்த்து உனக்கு மெசேஜ் போடுகிறாள். இந்த விஷயத்தை அவள் முந்திக்கொண்டு சொல்வதற்குள் நானே சொல்லிவிட வேண்டும். தபால் கந்தோரில் இருக்கிற புதுப் பெண் கவனமில்லாதவள் மாதிரித் தெரிகிறது, அதனால் முத்திரையை நானே பசை போட்டு ஒட்டப்போகிறேன்.

கடை நல்லபடி ஓடுகிறது என்று போன தடவை சொன்னேன் அல்லவா, அது முழு உண்மை இல்லை. மழை விட்டதிலிருந்து நம் கூரையில் காக்காவும் புறாவும் மைனாவும் வந்து குவிய ஆரம்பித்துவிட்டன. தகரத்தில் அவை நடக்கிற சத்தம் மேலே யாரோ வாடகைக்கு இருக்கிற மாதிரிக் கேட்கும். மழைத்தண்ணீர் ஓடுகிற பீலி நிறைய இறகும் எச்சமும், தண்ணீர்த் தாங்கியின் மூடி கறுப்பா வெள்ளையா என்று தெரியாது. நம் கடையில் தினமும் ரொட்டி சாப்பிடுகிற டியூஷன் மாஸ்டர் போட்டிருந்த சேட்டில் வாசலில் வைத்தே எச்சம் விழுந்தது. அவர் துடைத்துக்கொண்டு போனார், இப்போது எதிர்க் கடையில் உட்கார்ந்து பிளேன்டீ குடிக்கிறார், பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டாலும் அந்தச் செருப்பை எனக்குத் தெரியாதா. பிறகு கடைகளின் சுத்தம் பார்க்கிற பி.எச்.ஐ. மாத்தயா வந்தார். ஏணி கேட்டு ஏறித் தாங்கியைப் பார்த்தார், இறங்கி வந்து, அடுத்த முறையும் இப்படிக் கிடந்தால் சமையலறையைப் பூட்டச் சொல்வேன், தண்ணீர் விஷயத்தில் முகம் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது நியாயம். ஆனால் கடையைப் பூட்டினால் சுதர்சினி எங்கே போவாள்? கட்டின அந்த மனிதனை விட்டுவிட்டு வந்தபிறகு அவள் நிமிர்ந்து நிற்பதே அந்த அடுப்பு முன்னால்தான். அன்றைக்கு மாவைப் பிசைந்து பிசைந்து ரொட்டி எல்லாம் ரப்பர் மாதிரி வந்தது.

நான் சும்மா இருக்கவில்லை. பழைய சீடிகளை நூலில் கோத்துக் கூரை ஓரத்தில் தொங்கவிட்டேன், மைனாக்கள் அதில் தங்கள் முகத்தைப் பார்த்து அழகு பார்த்தன. கண்டி டவுனில் ஒருவன் தலை சுற்றுகிற பிளாஸ்டிக் ஆந்தை விற்கிறான் என்று கேள்விப்பட்டுப் போய் வாங்கிவந்தேன். ஆந்தையைத் தேடிப் போய் வீட்டுக்கு அழைத்து வருகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று உன் தங்கச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாம் நாள் ஒரு காக்கா அதன் தலையில் ஏறி உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தது. விற்றவன் மேலேயே எனக்குச் சந்தேகம், கடைக்குள் வைத்துத்தான் சுற்றிக் காட்டினான், வெளியில் கொண்டுவந்து காட்டவில்லை. கூரைக்கு வலை அடிக்கிற வேலைக்காரப் பாஸ் ஒருவன் வந்து அளந்துவிட்டுப் போனான், திரும்பி வரவில்லை. அளக்க வந்தானா, கடையை நோட்டம் பார்க்க வந்தானா தெரியாது.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. இந்த வரிசையில் இத்தனை கடை இருக்க நம் கூரை மட்டும் ஏன்? பக்கத்துக் கடை பாரூக்கை உனக்கு ஞாபகம் இருக்கும், அரிசியும் கோழித்தீனியும் விற்கிறவர், நீ பிளேன் ஏறும்போது பேரீச்சம்பழப் பெட்டி தந்தாரே, அவர்தான். கொஞ்ச நாளைக்கு முன், உங்களுக்கு ஏலாமல் போனால் கடையை யார் பார்ப்பது என்று என்னிடம் கேட்டார். அக்கறையாகக் கேட்டார் என்று சுதர்சினி சொன்னாள். அக்கறை உள்ளவன் காலைப் பற்றிக் கேட்பான், கடையைப் பற்றி எதற்குக் கேட்கிறான்? அவருடைய பின்முற்றத்தில் தீனிச் சாக்குகள் அடுக்கியிருந்தன. பறவையை இழுக்க அவர் வேண்டுமென்றே சாக்கின் வாயைத் திறந்து வைக்கிறார், நம் சமையலறை பூட்டுப்பட்டதும் இடத்தை எடுத்துக்கொள்வார் என்று எனக்குப் பட்டது. நேரே போய்க் கேட்டேன். மனிதன் சண்டைக்கு வரவில்லை. சிந்துதோ என்னமோ, பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அன்றைக்கே ஒரு படங்கு வாங்கி மூடிக் கட்டினார். அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதில் என் சந்தேகம் இன்னும் கூடியது. நீயே சொல், குற்றம் இல்லாதவன் இப்படி ஒத்துக்கொள்வானா?

பி.எச்.ஐ. இரண்டாம் முறை வந்தபோது பாரூக் ஓடிப்போய் ரோட்டிலேயே அவரை மறித்துச் சிங்களத்தில் என்னமோ பேசினார். நான் கல்லாவில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், நம் பக்கம் கையைக் காட்டுகிறார், பிறகு தன் பக்கம் காட்டுகிறார். மாத்தயா நம் கடைக்குள் வராமல் அவர் கடைக்குள் போய்விட்டுத் திரும்பினார். மறுநாள் பாரூக் தீனிச் சாக்கு எல்லாவற்றையும் லொறியில் ஏற்றித் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். இப்போது கோழித்தீனி கேட்டு வருகிறவர்கள் வெறுங்கையோடு போகிறார்கள். மாட்டிக்கொண்டான் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் பார், சாக்கு போயும் ஒரு காக்கா கூடக் குறையவில்லை. அப்படியென்றால் திருட்டுத்தனமாக ஏதோ வீசுகிறார் என்று முடிவு கட்டி, வா, இரண்டு பேரும் ஒளிந்து நின்று பிடிப்போம் என்று உன் தங்கச்சியைக் கூப்பிட்டேன். நீங்களே பாருங்க அப்பா, நல்லா பாருங்க என்று மட்டும் சொன்னாள். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை, இவளும் அவரோடு சேர்ந்துவிட்டாளோ என்று அவள் மேலும் ஒரு கண் வைத்தேன்.

மறுநாள் காலையில் எழும்பிக் குளித்து, வழக்கம்போல முதல் சோற்றை வாழையிலையில் எடுத்து, பருப்பும் நெய்யும் விட்டு, அம்மாவுக்குப் பிடித்த உளுந்து வடையைப் பிய்த்து வைத்து, பின்மதிலில் கொண்டுபோய் வைத்துக் கா கா என்று கூப்பிட்டேன். கூப்பிட்டுவிட்டு ஓடிப்போய் ஏணியில் ஏறித் தாங்கிக்குப் பின்னால் குந்திக்கொண்டு பாரூக்கின் முற்றத்தையே பார்த்தேன். முற்றம் கூட்டித் துடைத்த மாதிரிக் கிடந்தது. ஒரு மணி அரிசி இல்லை, ஒரு குருவி இல்லை. ஆனால் என் தலைக்கு மேல் இறக்கைச் சத்தம் அடங்கவில்லை. என் தோளிலும் விழுந்தது. திரும்பிப் பார்த்தால் எல்லாம் நம் மதிலில்தான் இருக்கின்றன. காக்கா தின்கிறது, காக்கா சிந்தியதைப் புறா பொறுக்குகிறது, மைனா இலையையே இழுத்துக்கொண்டு ஓடுகிறது. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

சதீஸ், அப்பாவை முட்டாள் என்று நினைக்காதே. பறவைக்குத் தீனி போடுகிறோம் என்ற நினைப்பே எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. நான் உன் அம்மாவுக்கு அல்லவா சோறு வைத்தேன். முதலில் ஒரு பிடிதான் வைத்தேன். அவளை எடுத்த காரியத்துக்கு வரமுடியாமல் நீ போனில் அழுது, எனக்காகவும் ஒரு பிடி வையுங்கப்பா என்று சொன்னாய், அதனால் இரண்டு பிடியானது. பிறகு காக்காக்கள் கூடக் கூட, இதில் எது பாலம்மா என்று எனக்குத் தெரியவில்லை. வலுத்தது எல்லாம் முந்திக்கொண்டு தின்றுவிட, அவள் எப்போதும்போல எல்லாருக்கும் பிறகு வந்து வெறும் இலையைப் பார்த்துவிட்டுப் போவாளோ என்று பயந்து ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட்டி வைத்தேன். கடைசியில் ஒரு ஆள் சாப்பாடே வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இறங்கி வந்து சுதர்சினியைப் பார்த்தேன். அவளுக்கு முதலே தெரிந்திருக்கிறது, பாரூக்குக்கும் தெரிந்திருக்கிறது. தன் தீனிதான் காரணம் என்று பி.எச்.ஐ.யிடம் அவர் தன் தலையில் போட்டுக்கொண்டாராம். அப்படியே அவர் கடைக்குப் போய், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் தராசைத் துடைத்துக்கொண்டே, "அது அக்காவுக்கு வெக்கிற சோறுதானே அண்ணே. அதப் போய் வெக்காதீங்கன்னு நான் எப்படிச் சொல்லுற" என்றார். அவரைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. இந்தக் காலத்தில் ஒருவன் சும்மா இப்படிச் செய்வானா, இதற்குப் பின்னால் என்ன இருக்கும் என்று அதற்குப் பிறகும் சில நாள் அவரைக் கவனித்துப் பார்த்தேன். இதுவரை ஒன்றும் அகப்படவில்லை.

பி.எச்.ஐ. கந்தோருக்கு நானே போய் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, அவருடைய வீட்டிலும் இப்படி யாரோ போயிருக்க வேண்டும். மதிலில் வைப்பதை நிறுத்தி, தாங்கியைக் கழுவி, மூடியை மாற்றச் சொன்னார், செய்தாயிற்று. பாரூக்கின் சாக்குகளும் திரும்பி வந்துவிட்டன, இறக்கும்போது நானும் ஒரு கை பிடித்தேன். நிறுத்திய முதல் நாள் காக்காக்கள் மதிலில் வரிசையாக உட்கார்ந்து குசினியைப் பார்த்தன. நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்து அழுதேன். இப்போது ஒரு பிடியை மட்டும் இலையில் மடித்துக்கொண்டு பஸ்ஸில் பேராதனைக்குப் போய் மகாவலி ஓரமாக வைக்கிறேன். உன் அம்மா சொல்லாமல் எங்கேயும் போய்ப் பழகாதவள், இந்த இடம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்து, பாலம்மா, இனி இங்கே வா என்று சத்தமாகவே சொன்னேன். குளித்துக்கொண்டிருந்த ஒருவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

டிலானியையும் பேத்தியையும் முருகன் காப்பாற்றட்டும், உங்கள் மூன்று பேருக்கும் என் ஆசீர்வாதம். பிள்ளைக்குக் காதை மூடித் தொப்பி போடு. மறந்துவிடாதே, நான் கொண்டுபோவது என் பங்கு மட்டும்தான். உன் பிடிச் சோற்றை இனி நீயே அங்கே வை. பேத்தியைப் பார்க்க வர வேண்டும் என்று விசாவுக்குக் காத்திருந்தே போனவள் உன் அம்மா, இப்போது அவளை யாரும் மறிக்கப்போவதில்லை. அந்த ஊரில் காக்காவே இல்லை அப்பா என்று மட்டும் என்னிடம் சொல்லாதே. போன மாதம் டிலானி அனுப்பிய படத்தில் பிள்ளைக்குப் பின்னால், பனி மூடிய வேலியில் கறுப்பாக ஒன்று உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் பெரிதாக்கிப் பார்த்தேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
மு. கறுப்பையா