மூழ்கிய பயிருக்கு வந்த நிவாரணம்

உத்திரமேரூர் பக்கம்,
6.12.2024

என் பிரியமுள்ள இளவரசிக்கு,

உன் கூடப் படித்த செவ்வந்தி எழுதுவது. நீயும் பிள்ளைகளும் ஓசூரில் சுகமாக இருப்பீர்கள். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் காகிதம்.

புயல் மழையில் நாங்கள் குத்தகைக்குப் பயிர் வைக்கும் உங்கள் ஏரிக்கரை நிலம் மூழ்கிவிட்டது. கதிர் பிடிக்கிற நேரம். நகையை அடகு வைத்து உரம் போட்டிருந்தோம். கிராம அதிகாரி வந்து போட்டோ எடுத்தார். பட்டா உன் அப்பா பெயரில் இருப்பதால் நிவாரணமும் அவருக்குத்தானாம். 'இவங்கதான் பயிர் வெச்சாங்க' என்று அவர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் எங்களுக்கு வருமாம். நீ சொன்னால் கேட்பார். கொஞ்சம் சொல்லுடி.

உன் செவ்வந்தி

ஓசூர்,
19.12.2024

அன்புச் செவ்வந்தி,

கடிதம் கண்டதும் அப்பாவிடம் பேசினேன். "குத்தகைன்னு எயுதிக் குடுத்தா நெலமே கையவுட்டுப் பூடும்மா" என்று பயப்படுகிறார். ஆனால் பணம் வந்ததும் உன் வீட்டுக்காரர் ஞானதாஸ் அண்ணன் கையிலேயே கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு நான் பொறுப்பு. நீ கவலைப்படாமல் சாப்பிடு.

இளவரசி

உத்திரமேரூர் பக்கம்,
24.2.2025

பிரியமுள்ள இளவரசிக்கு,

பணம் வந்தது. உன் அப்பாவே வீட்டு வாசலுக்கு வந்து சொன்னார். "ஞானதாசு, வந்தத பேங்க்குலயே என் கடனுக்குப் புட்ச்சிக்கினாங்கடா. நான் இன்னா பண்ணட்டும்?" பொய் சொல்லவில்லை, முகம் வாடித்தான் இருந்தது. அவரை நான் என்ன கேட்பது?

வேறு வழி தெரியாமல், எங்களைக் குத்தகைக்காரராகப் பதியச் சொல்லி இவர் தாலுகா ஆபீசில் மனு கொடுக்கப் போனார். குத்தகைப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டார்கள். வாய்ப்பேச்சுதான் என்றாராம். விசாரணைக்கு ஆள் வந்ததும் உன் அப்பா பயந்துபோய், இனி நிலத்தில் இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இத்தனை வருஷமாக நாங்கள்தான் அங்கே பயிர் வைக்கிறோம். அது உனக்குத் தெரியும். அதை மட்டும் ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. நீ அந்த வீட்டுப் பெண், உன் வார்த்தையை நம்புவார்கள்.

செவ்வந்தி

ஓசூர்,
15.3.2025

செவ்வந்தி,

எழுதுவதற்காகத்தான் ஊருக்கு வந்தேன். உன் வீட்டுப் பக்கம் வர எனக்கு முகமில்லை. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயே எயுதிக் குடுத்தா நான் எங்க போய் நிப்பேன்?" என்று கேட்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. நீங்கள்தான் பயிர் வைத்தீர்கள், சத்தியம். அதை எழுத மட்டும் என்னால் முடியவில்லை. என் கையில் இருந்ததை அனுப்பியிருக்கிறேன், நகையை மீட்டுக்கொள். என்னைத் திட்டியாவது ஒரு கடிதம் போடு.

இளவரசி

உத்திரமேரூர் பக்கம்,
2.4.2025

மரியாதைக்குரிய இளவரசி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் அனுப்பிய பணத்தை மணியார்டரில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மனுவைத் தள்ளிவிட்டார்கள். இவர் காஞ்சிபுரத்தில் சித்தாள் வேலைக்குப் போகிறார். நானும் அடுத்த வாரம் போகிறேன்.

ஐயாவிடம் ஒன்று சொல்லுங்கள். வடக்கு வரப்பில் எலி வளை விழுந்திருக்கிறது. நாற்று விடுவதற்கு முன் அடைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் நிற்காது.

இப்படிக்கு,
ஞா. செவ்வந்தி