ரோஸி ஆக்கிப் போடட்டும்

கார்த்திகை, செவ்வாய்.

வட்டக்கானலுக்கு வருகிற வெள்ளைக்காரர்களுக்கு எங்கள் பெயர் வாயில் நுழையாதாம். அதனால் காட்டேஜ் முதலாளியின் மகன் எங்கள் நெஞ்சில் இங்கிலீஷ் பெயரட்டை குத்திவிட்டான். சடையாண்டியான நான் சாண்டி. சமையல்கார வீரம்மாக்கா ரோஸி. நாலு ரூமுக்கு அவன் டைரக்டராம்!

அடுப்படியில் டவர் எடுக்காது. காலையில் அக்காவின் மகள் ஆபீசுக்குப் போன் போட்டிருக்கிறாள்.

"வீரம்மாளக் கூப்பிடுங்க சார், அப்பாவுக்கு நெஞ்சுவலி."

"அப்படி யாரும் இங்க இல்லை" என்று முதலாளி மகன் போனை வைத்துவிட்டான். தினமும் அக்கா ஆக்கியதைத் தின்கிறவன்! மத்தியானம் அக்கா ஊரிலிருந்து பூண்டு ஏற்றிவந்த ஜீப்காரர் சொல்லித்தான் அக்காவுக்கு விஷயமே தெரிந்தது.

"சாரி ரோஸி, டக்குனு ஞாபகம் வரல" என்று இளித்தான்.

அக்கா அட்டையைக் கழற்றி அடுப்புமேடையில் போட்டாள். "இந்தா கெடக்கா ரோஸி. இனி அவளையே ஆக்கிப் போடச் சொல்லுங்க." அதே ஜீப்பில் ஏறிப் போய்விட்டாள்.

ஆஸ்பத்திரியில் என்ன ஆனதோ, இன்னும் தகவல் இல்லை.

டைரக்டர் ராத்திரிக்குக் காய்ந்த ரொட்டியைக் கடிக்கிறார். "சாண்டி, ஒரு டீ!" என்று கத்துகிறார்.

கத்தட்டும். அப்படி யாரும் இங்கே இல்லை.