வெறும் வண்டியின் எடை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் ஓரமாய் வைத்துவிடாதே. படித்துவிட்டு வை. போனில் பேசினால் இரண்டாவது வார்த்தையில் நமக்குள் சண்டை வந்துவிடும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

உனக்கு ஏழாம் மாதம் என்பது மாப்பிள்ளை சொல்லித்தான் தெரியும். பெற்றவளுக்குச் சேதி சுற்றிவளைத்து வருகிறது. சரி, இருக்கட்டும். பிரசவத்துக்கு வரட்டுமா என்று கேட்டேன். தயங்கித் தயங்கி நீ சொன்னதை அப்படியே சொன்னார்: "அம்மா வர வேணாம். போன தடவை மாதிரி வாசலையே பாத்துக்கிட்டு கிடக்க என்னால முடியாது." அவர் மேல் கோபப்படாதே. நான்தான் விடாமல் கேட்டு வாங்கினேன்.

போன தடவை எடைமேடையில் லீவு தரவில்லை என்றேன். அது பொய். பெருக்க வந்த இடத்தில், யாரும் சொல்லித்தராமல் மீட்டரைப் படிக்கக் கற்று, லாரிகளை எடைபோடும் நாற்காலியில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு யார் லீவு மறுப்பார்கள்? நான் கிளம்பினேன். பை நிறைய உனக்கும் குழந்தைக்கும் துணி. பத்து மணி நேரப் பயணம். மூன்றாவது மணி நேரத்தில் பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது இருமினேன். அவ்வளவுதான். புடவை நனைந்துவிட்டது, சீட்டும். பக்கத்திலிருந்த பெண் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, புடவை காயும்வரை நின்று, எதிரே வந்த பஸ்ஸில் ஏறி வீடு திரும்பிவிட்டேன்.

உன்னைப் பெற்றதிலிருந்து இது இருக்கிறது. உன்னைக் குறை சொல்லவில்லை. சிரித்தால், தும்மினால், பக்கெட்டைத் தூக்கினால் சிறுநீர் கசியும். உன் கல்யாணத்தில் மேடைக்கு வராமல் கதவோரமே உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லிக்காட்டுவாயே, கழிவறை எந்தப் பக்கம் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்த இடம் அது. பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் உண்டு என்று என் மாமியார் சொன்னார். அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

நான்கு மாதம் முன்பு சர்க்கரை பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். கர்ப்பிணிகளுக்கும் பிரசவமானவர்களுக்கும், சிறுநீரை அடக்கும் இடுப்புத்தளத் தசையின் பலம் அளந்து பார்க்கப்படும் என்று ஒரு கதவில் ஒட்டியிருந்தது. அளப்பது என் தொழில். உள்ளே போனேன். பிசியோதெரபிஸ்ட் உன் வயதுப் பெண். தலை நிமிராமல், "பிரசவமாகி எத்தனை வாரம்மா?" என்றாள். "முப்பத்தோரு வருஷம்" என்றேன். நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. வாரம் என்ற கட்டத்தில் முப்பத்தோரு வருஷம் என்றே எழுதிக்கொண்டாள். அதனால்தான் உட்கார்ந்தேன்.

திரைக்குப் பின்னால் படுக்க வைத்து, முதலில் கையுறை விரலால் பார்த்தாள். சிறுநீரை அடக்குவதுபோல உள்ளே இழுத்துப் பிடிக்கச் சொன்னாள். ஐந்துக்கு இரண்டு என்றாள். பிறகு விரல் தடிமனில் ஒரு சின்னக் கருவி. அதன் மறுமுனையில் எண் காட்டும் பெட்டி. நான் மூச்சைப் பிடித்து, தொடையை இறுக்கி, வயிற்றை எக்கினேன். எண் எகிறியது. பெருமையாகக்கூட இருந்தது. அவள் என் வயிற்றில் கை வைத்து, "இது வயித்தோட பலம்மா. நான் கேட்டது இதை இல்ல" என்றாள். வாதாடிப் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது. வெறும் வண்டியை எடை போட இறங்கி நிற்கும் டிரைவர், சரக்கோடு எடை போடும்போது மட்டும் சீட்டிலேயே பதுங்கிக்கொள்வார். அவர் எடையும் சரக்கில் சேர்ந்துவிடும். எத்தனை பேரைப் பிடித்து இறக்கியிருக்கிறேன்! அதே திருட்டை நானும் செய்தேன், அவள் என்னை இறக்கிவிட்டாள். மூச்சை விட்டு, தொடையைத் தளர்த்திப் பிடித்தபோது எட்டு. அதுவும் இரண்டு நொடி.

படிவத்தில் 'கர்ப்பத்தில் எடுத்த அளவு' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ஒரு கோடு போட்டாள். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் எனக்குக் கோபம் வந்தது. வெறும் வண்டியின் எடை தெரியாமல் சரக்கின் எடையை எவராலும் சொல்ல முடியாது. உன்னைப் பெற்றதில் என்னிடமிருந்து எவ்வளவு போனது என்பது இனி யாருக்கும் தெரியாது.

உனக்கு அப்படி ஆகக் கூடாது. பெரியவள் பிறந்தபோது யாராவது அளந்தார்களா? உனக்கும் இருமினால் கசிகிறதா? எனக்குச் சொல்ல வேண்டாம், அங்கே டாக்டரிடம் சொல். இந்தக் குழந்தை பிறக்கும் முன்பே ஒருமுறை அளந்துகொள். உள்ளே பார்க்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னால், வெளியிலிருந்தே ஸ்கேனில் அந்தத் தசை ஏறி இறங்குவதைப் பார்க்கலாமாம். பிறந்து ஆறேழு வாரம் கழித்து மறுபடி அளந்து பார்.

அவள் சொல்லித்தந்த பயிற்சியில் என் எண் இப்போது பதினேழு. எட்டு நொடி நிற்கிறது. லாரி மேடையில் ஏறும்போது இழுத்துப் பிடித்து மனசுக்குள் நொடி எண்ணுகிறேன், ரசீது அச்சாகி வந்ததும் விடுகிறேன். அக்கா இப்பல்லாம் பேசுறதே இல்ல, திருந்திட்டாங்க என்று டிரைவர்கள் பேசிக்கொள்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறுகிறேன். முதலில் ஐந்து நிறுத்தம், பிறகு ஒரு மணி நேரம். போன வாரம் நான்கு மணி நேரம் போய் அதே பஸ்ஸில் திரும்பினேன். கண்டக்டர், "ஏம்மா, அங்க வீட்டுல யாரும் இல்லையா?" என்று கேட்டார். "இருக்காங்க. வழி பழகுறேன்" என்றேன்.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. லீவு தரவில்லை என்றதும் நம்பினாயே, என்னைத் தெரிந்தவள் அதை நம்பலாமா? ஒரு வார்த்தை துருவிக் கேட்டாயா?

மாப்பிள்ளை அனுப்பிய படத்தில் பெரியவள் கதவுக் கைப்பிடி உயரத்துக்கு நிற்கிறாள். என் வீட்டுக் கதவில் அந்த உயரத்தில் கையை வைத்துப் பார்க்கிறேன். தினமும்தான். அன்று கட்டிய பை பிரிக்காமலே இருக்கிறது. அந்தத் துணி அவளுக்கு இனிப் பத்தாது. பிறக்கப்போகிற பிள்ளைக்குச் சரியாக இருக்கும்.

என்னை வரச் சொல்லி நீ எழுத வேண்டாம். அளந்ததும் அந்த எண்ணை மட்டும் ஒரு தாளில் எழுதி அனுப்பு. எத்தனை நொடி என்பதையும் எழுது. வேறு எதுவும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. உன் கையெழுத்தைப் பார்த்து நான்கு வருஷமாகிறது.

நீயும் பிள்ளையும் ஒரு குறையுமில்லாமல் எழுந்து நடக்க வேண்டும்.

அம்மா