பாத்ரூம் பக்கத்துல என் மிஷின்

அக்கா,

நீ அசந்து தூங்குறே, எழுப்ப மனசு வரலை. வயித்துல மாட்டியிருந்த மலப் பையை ஆபரேஷன்ல எடுத்துக் குடலைச் சேர்த்த பிறகு இன்னைக்குத்தான் தையல் கடைக்குப் போறேன். குழைய வடிச்ச சோறு, மாத்துத் துணி, களிம்பு எல்லாம் எடுத்துக்கிட்டேன். சாவி ஜன்னல்ல இருக்கு.

என் மிஷினை பாத்ரூம் பக்கமா போடச் சொல்லி முதலாளிகிட்ட நீ பேசிட்டேன்னு நேத்து குதிகுதின்னு குதிச்சேன், மானமே போச்சுன்னு. காலையில எழுந்ததுல இருந்து பாத்ரூமுக்கு ஓடுற ஓட்டத்துல புத்தி வந்துடுச்சு. அங்கேயிருந்து ஒரே எட்டுல போயிடலாம். நீ புண்ணியவதி.

இன்னொண்ணு: கதவுக்கு வெளியே நின்னு "ஆச்சாடா?"ன்னு நீ கேட்கிறப்பல்லாம் எரிஞ்சு விழுவேனே, கடையில அப்படி யாரும் கேட்க மாட்டாங்க. அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு.