அண்ணையின் மூன்று ஹங்கேரிப் பிஸ்டல்கள்

என் பாசமுள்ள அண்ணை,

உங்கள் முப்பத்தோராம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. உங்கள் லண்டன் ஹரோ வீட்டில் அந்தக் கண்ணாடி அலுமாரி இன்னும் பூட்டியபடிதான். உள்ளே நீங்கள் சேர்த்த மூன்று ஹங்கேரிப் பிஸ்டல்கள். அந்த நாட்டுப் பட்டாளமும் பொலிசும் வேண்டாமென்று கழித்துவிட்டவை.

துவக்குக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிவந்த மனிதர், லண்டனில் காசு கொடுத்துத் துவக்கு வாங்குவாரா என்று உங்களோடு எவ்வளவு சண்டை பிடித்தேன்.

"இது செத்த சாமான் பிள்ளை, சுடாது. ஹங்கேரித் துவக்கை ஊரிலை ஒருத்தனும் எனக்கு நீட்டேல்லை. அதாலைதான் இதைப் பயமில்லாமல் கையிலை எடுக்க ஏலுது" என்றீர்கள்.

நான் கேட்கவில்லை. ஐந்து வருடம் உங்கள் வாசலை மிதிக்கவேயில்லை. அந்த ஐந்து வருடத்தை இப்போது யாரிடம் கேட்பேன்?

எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்குக்கு ஆட்கள் வருவார்களென்று வீட்டைத் துப்புரவாக்கியபோது, மேசை லாச்சியில் மூன்று கடதாசிகள் அகப்பட்டன. பிஸ்டல் என்ற சொல்லையும் முத்திரையையும் கண்டதும், துவக்கு வைத்திருக்கத் தந்த அனுமதி என்று நினைத்தேன். மேற்கொண்டு வாசிக்கவில்லை. ஆத்திரத்தில் சுக்குநூறாகக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

நேற்று வட லண்டன் எட்மண்டனிலிருந்து உங்கள் கூட்டாளி சிவம் அண்ணை வந்தார். பிஸ்டல்களை அவருக்குத்தானே கொடுக்கச் சொல்லி எழுதிவைத்தீர்கள்? கடதாசிகளைக் கிழித்த விஷயத்தைச் சொன்னதும் மனிதர் அலுமாரிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அது அனுமதி இல்லை தங்கச்சி. உள்ளுக்கை வெட்டி அடைச்சாச்சு, இனி இதுகள் சுடாது எண்டு சோதிச்சுத் தந்த சான்றிதழ். அதில்லாமல் நான் வாங்க ஏலாது. சுடுற துவக்கெண்டுதான் பொலிஸ் நினைக்கும்."

"இப்ப என்ன செய்யிறது?"

"பொலிசுக்குச் சொல்லவேணும். திரும்பச் சோதிச்சுப் புதுசு தந்தாலும் தருவினம். இல்லாட்டி உருக்கிப்போடுவினம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "கிழிச்சனெண்டு சொல்லாதேங்கோ. அவர் எங்கையோ துலைச்சுப்போட்டாரெண்டு சொல்லுங்கோ. செத்த ஆளை ஆர் கேக்கப்போயினம்?"

ஓம் என்று தலையாட்டிவிட்டேன், அண்ணை. வெட்கமாக இருக்கிறது. பழைய காஸ் பில்லைக்கூட ஒழுங்காக அடுக்கி வைத்த மனிதர் நீங்கள். சுடாது என்றதற்கு என்ன அத்தாட்சி, ஒரு தரம் காட்டுங்கோ என்று நீங்கள் உயிரோடு இருந்தபோது நான் ஏன் கேட்கவில்லை?

நாளைக் காலை பொலிசுக்கு நானே போன் எடுக்கிறேன். அண்ணை கவனமாகத்தான் வைத்திருந்தார், கிழித்தது நான் என்று சொல்வேன். அவற்றை உருக்கினாலும் உருக்கட்டும், உங்கள் பெயரில் ஒரு பழிச்சொல் விழ விடமாட்டேன்.

உங்கள் கூடப்பிறந்தவள்,
தங்கச்சி மலர்