நோயாளியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நோய்நொடி அண்டாமல் இருக்க வேண்டும், எங்களுக்கு எப்போதும் அந்த நினைப்புதான். இங்கே எல்லோரும் சௌக்கியம், அப்பாவின் இருமல் மட்டும் போக மனசில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முதலில் உனக்கு நன்றி சொல்லிவிடுகிறேன், பெற்ற பிள்ளைக்கு என்ன நன்றி என்று நீ சிரித்தாலும் சரி. படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது எப்படி என்று சமூகக் கூடத்தில் நான் நடத்தும் மாலை வகுப்புக்கு ஆளே வரவில்லை, இந்த மாதத்தோடு நிறுத்திவிடலாம் என்று கூடத்து நிர்வாகி சொல்லிவிட்டார் என்று போனில் உன்னிடம் அழுதேனல்லவா, அப்போது என் போனில் ஒரு ஆப்பை ஏற்றிக்கொள்ளச் சொன்னாயே, இந்த விஷயத்தைப் பற்றி யார் எங்கே பொதுவில் எழுதினாலும் திரட்டிக் கொண்டுவந்து காட்டுகிறதே, அதற்குத்தான் இந்த நன்றி. எதுவும் பேசாம படிக்க மட்டும் செய்யும்மா என்று நீ தலைபாடாக அடித்துக்கொண்டாய். நான் கேட்டேனா? நர்ஸ் வேலையில் ஊறிய வாய் சும்மா இருக்குமா? அதில் வந்த ஒரு குழுவுக்குள் நுழைந்து, தலையணையை இப்படி வைக்கக் கூடாது, துணியை அப்படிப் பிழியக் கூடாது என்று கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் திருத்தம் போட்டேன், இரண்டே நாளில் என்னைக் கழற்றிவிட்டார்கள். அப்பாவுக்கு ஒரே கொண்டாட்டம், கல்யாணம் ஆனதிலேருந்து என்னால முடியாதத முன்பின் தெரியாதவங்க செஞ்சிட்டாங்களே என்கிறார்.

அப்புறம்தான் வாயை மூடிக்கொண்டு படித்தேன். படுக்கைப் புண், குளிப்பாட்டுவது என்று நான் சொல்லிக்கொடுப்பதைக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். திரும்பத் திரும்ப வந்தது ஒரே கேள்வி, வகுப்புக்குப் போயிட்டா அந்த நேரம் இவரை யாரு பாத்துக்கிறது? எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. விட்டுவிட்டு வர முடியாதவர்களைத்தான் நான் இத்தனை காலமும் விட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். மறுநாளே நிர்வாகியோடு மல்லுக்கட்டிச் சுவரோரம் இரண்டு கட்டில் போடவைத்து, நோயாளியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று வாசலில் எழுதி ஒட்டினேன், ஆன்லைனிலும் அவரையே போடச் சொன்னேன்.

நேற்று கூடம் நிறைந்துவிட்டதடி. ஒரு மருமகள் தன் மாமியாரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். ஒருக்களித்துப் படுக்கவைப்பதை நான் செய்து காட்டினேன், பிறகு அவள் செய்தாள். அந்த அம்மா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, என் மருமக கை பட்டா எனக்கு வலிக்கிறதே இல்ல என்றார். அவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்து அழுதுவிட்டாள், வீட்டுல இதுவரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்ல டீச்சர் என்றாள். பார்த்துக்கொண்டு நின்ற நிர்வாகி, இனி நிறுத்துகிற பேச்சே இல்லை என்று சொல்லிக் கூடத்துச் சாவியை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

குட்டிக்குத் தடுப்பூசி போட மறந்துவிடாதே, நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. குடும்பத்தோடு தீர்க்காயுசாக இருங்கள். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த மருமகள் முகம்தான் கண்ணில் நின்றது. நீ எனக்கு மகளாகப் பிறந்ததில் எனக்கு எவ்வளவு பெருமை என்று நானும் உன்னிடம் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை, இதோ சொல்லிவிட்டேன்.

உன் அம்மா